வளைவில் கட்டிய ரஸ்தாளி

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது மேசை மேல் கிடந்த ஆய்வு அறிக்கைகளை எடுத்துப் புரட்டினேன். ஓய்வு பெற்றவன் கோப்பைத் தொடக் கூடாதுதான், பழக்கம் விடவில்லை. முதல் அறிக்கை ஒரு மாந்தோப்பைப் பற்றியது. பூவெல்லாம் வெள்ளைப் பொடி பூத்துக் கருகி உதிர்ந்துவிட்டது என்று எழுதி, 'நோய் வந்த வழி' என்ற கட்டத்தில் உங்களில் ஒருவர் மணிமணியான கையெழுத்தில் 'விவசாயியின் அறியாமை' என்று எழுதியிருந்தார். அடுத்தது கொய்யா வாடல். அதிலும் அறியாமை. அதற்கடுத்தது எலுமிச்சைச் சொறி. அதிலும் அதே அறியாமை. எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. அறியாமை என்று ஏதாவது பூச்சி இருக்கிறதா? எந்த மருந்து அடித்தால் அது சாகும்?

அன்று உங்கள் முன்னால் கத்திவிட்டுப் போனேன். அதற்கப்புறமும் என் மேல் மரியாதை வைத்து, பணி அனுபவம் ஒன்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறீர்கள். எழுதுகிறேன். பெருமையாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தீர்கள் என்றால் ஏமாந்து போவீர்கள்.

முப்பதுகளின் பிற்பகுதி. யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. நான் விவசாய இலாகாவில் டெமான்ஸ்ட்ரேட்டராக, அதாவது விவசாயிகளுக்குச் செய்துகாட்டிச் சொல்லித்தருகிற உத்தியோகத்தில் சேர்ந்து, வேலை உறுதியாகி ஒரு வருடம்கூட ஆகாத சமயம். சமயநல்லூர், பரவை சுற்று வட்டாரம் எனக்கு. சைக்கிள் உண்டு, சைக்கிளைவிடப் பெரிதாகத் தலைக்கனம் உண்டு. படித்து வந்தவன் அல்லவா.

மாசி மாதம் மதுரையில் மூன்று நாள் விவசாயக் கண்காட்சி வைத்தார்கள். திறந்துவைக்க ஒரு பெரிய துரை வருவதாக ஏற்பாடு. துரை வருகிறார் என்றதும் என் மேலதிகாரிக்கு நோயும் பயிரும் மறந்துபோய் அலங்காரம்தான் பெரிதாகிவிட்டது. "வாசல் வளைவு பிரமாதமா இருக்கணும். குலை தள்ளின ரஸ்தாளி, எட்டு மரம். மூணு நாளும் வாடக் கூடாது" என்றார். வெட்டி நட்ட மரம் மாசி வெயிலுக்கு மறுநாளே தொங்கிப்போகும். ஆகவே கிழங்கோடு தோண்டி எடுத்துக் குழி வெட்டி நிறுத்துவது என்று முடிவாயிற்று. அந்த யோசனையைச் சொன்ன புத்திசாலி நான்தான்.

பந்தல் போட சோணைமுத்து என்பவரை அமர்த்தினேன். கல்யாணம், காதுகுத்து, தேர்த் திருவிழா என்று எங்கே வாழை கட்டுவதானாலும் அந்தப் பக்கத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வருடத்துக்கு எத்தனை மரம் வெட்டுவார் என்று அவருக்கே தெரியாது. சமயநல்லூரை ஒட்டி ஒரு தோட்டத்தில் குலைகள் கண்ணைப் பறித்தன. தோட்டக்காரர் மரத்தைக் கிழங்கோடு கொடுக்க உடனே சம்மதித்தார். குலை முற்றாத மரத்தை ஒருவன் இத்தனை சந்தோஷமாகத் தருகிறானே, ஏன் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

முதல் மரத்தைத் தோண்டிச் சாய்த்ததும் சோணைமுத்து கிழங்கின் ஓரத்தை அரிவாளால் ஒரு சீவு சீவிப் பார்த்தார். நிமிர்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, இந்தத் தோட்டத்து மரம் வேணாம். வேற தோட்டம் பாப்போம்."

"ஏன்யா? குலை எம்புட்டு லட்சணமா இருக்கு."

"குலை கெடக்கட்டும். கெழங்கப் பாருங்க. உள்ளுக்குள்ள செவப்பு ஓடிக் கெடக்கு."

குனிந்து பார்த்தேன். வெள்ளைக் கிழங்கில் செம்பழுப்பாகப் புள்ளியும் கோடுமாக வளையம் தெரிந்தது. வாழைக்கறை வேட்டியில் பட்டால் எந்த நிறத்துக்கு மாறும் என்று நமக்கு எல்லோருக்கும் தெரியும். அதே நிறம்.

"கறைய்யா அது. வாழை வெட்டுறவருக்குக் கறை தெரியாதா?"

"கறைன்னா வெட்டி நேரமான பெறகுதான் கருக்கும். இது வெட்டுன கையோட செவப்பா இருக்கே. நாலஞ்சு மாசமா அங்கிட்டும் இங்கிட்டும் இத மாதிரி ஒண்ணு ரெண்டு பாத்துக்கிட்டு வாரேன். நல்ல காரியத்துக்கு இத நான் கட்டுறதில்ல."

இதைவிடத் தெளிவாக ஒரு நோயை எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. வெட்டிய கையோடு சிவப்பு என்றால் நோய், நேரம் கழித்துக் கருத்தால் கறை. ஒரே வரி. அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பந்தலைக் கட்டுய்யா. வைத்தியம் நான் பாத்துக்கிறேன்." அவர் அரிவாளை மண்ணில் குத்தித் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

கண்காட்சி நடந்தது. வளைவு அருமையாக இருந்தது. துரை இரண்டு நிமிடம் அண்ணாந்து பார்த்தார். உள்ளே பயிர் நோய்ப் பிரிவில் நான் கையில் பிரம்போடு நின்றேன். எனக்குப் பின்னால் சுவரில் பெரிய வண்ணப்படங்கள். மூன்றாவது படம் வாழை வாடல். அடியிலை ஓரத்திலிருந்து மஞ்சளாகும், காம்பு ஒடியும், இலையெல்லாம் பாவாடை கட்டினாற்போல் மரத்தைச் சுற்றித் தொங்கும், தண்டின் அடி வெடிக்கும், கிழங்கைக் குறுக்கே வெட்டினால் உள்ளே செம்பழுப்பு வளையம் தெரியும் என்று பிரம்பால் தட்டித் தட்டி மூன்று நாளும் தொண்டை கிழியச் சொன்னேன். கேட்க வந்த அத்தனை பேரும் அந்த நோய் மரத்தின் கீழே நுழைந்துதான் என்னிடம் வந்தார்கள். இதை இன்று நினைத்தாலும் அந்தப் பிரம்பை எடுத்து என் முதுகிலேயே நாலு போடலாம் போலிருக்கிறது.

படத்தில் இருந்த வளையம் பெரிதாக, அழகாக, நல்ல சிவப்பு மையில் இருந்தது. நிஜத்தில் இருந்தது சின்னது, அழுக்கானது. அதைக் காட்டியவரும் கோட்டு போட்டவர் இல்லை. ஆகவே இரண்டும் ஒன்று என்று எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் பொழுது சாய வளைவைப் பிரித்தோம். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். குலையை ஒருவர் இழுப்பார், இலையை ஒருவர் அறுப்பார், தண்டு கூட்டுக்குப் போகும். மிச்சமானது கிழங்கும் பக்கக்கன்றுகளும். வீணாகப் போக விடுவானேன் என்று, சர்க்கார் கன்று என்று சொல்லி நானே விவசாயிகளுக்கு எடுத்துக் கொடுத்தேன். கன்றுகள் பார்க்கப் பச்சைப்பசேலென்று இருந்தன. இந்த நோயில் கன்று அப்படித்தான் இருக்கும், வைத்து ஐந்தாறு மாதம் கழித்துத்தான் தன் குணத்தைக் காட்டும்.

பெரும்பங்கை வாங்கிக்கொண்டது பேச்சியம்மாள். பரவையில் முக்கால் ஏக்கர் கிணற்றுப்பாசனக் கொல்லையைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாகப் பாடுபட்டவள். புருஷன் இறந்து நான்கைந்து வருடம் ஆகியிருந்தது. அந்தக் குத்தகை போனால் கூலிக்கு நாற்று நடத்தான் போக வேண்டும், வேறு நிலம் கிடையாது. காய்கறி விற்க மதுரைக்கு வந்த கூடையிலேயே கன்றுகளை அடுக்கிக்கொண்டு, "சர்க்காரு குடுத்த கன்னு, சோடை போகுமா?" என்று சிரித்தபடி போனாள்.

ஆவணியில் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். பரவையில் ஒரு நிலத்துக்காரர், மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், மனுக் கொடுத்திருந்தார். தன் கொல்லையில் வாழை முழுக்கப் பட்டுப்போகிறது, குத்தகைக்காரியின் கவனக்குறைவு என்று இலாகா அறிக்கை கொடுத்தால் குத்தகையை மாற்றிவிடுவேன் என்பது மனுவின் சாரம். போய்ப் பார்த்தேன்.

பேச்சியம்மாளின் கொல்லை அது. மேல்வரிசை முழுக்க இலைகள் பாவாடை கட்டித் தொங்கின. தண்ணீர் இறங்குகிற பக்கம் கீழ்வரிசையிலும் மஞ்சள் தொடங்கியிருந்தது. அவள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணி சரியாப் பாய்ச்சினியாம்மா?"

"பாய்ச்சுனேன்யா. என்ன செஞ்சு என்ன? என் கை ராசியில்லாத கையாமுல்ல. தாலியறுத்தவ கை வச்ச வாழை எப்பிடி வெளங்கும்னு ஊரு கூடுற மந்தையில உக்காந்து அம்புட்டுப் பேரும் அதத்தான் பேசுறாக. நெலத்துக்காரரும் அதத்தான் சொல்றாரு. நீங்க குடுத்த கன்னக் கொறை சொல்ல முடியுமா?"

'நீங்க குடுத்த கன்னு.' மண்வெட்டியை வாங்கி ஒரு மரத்தைச் சாய்த்துக் கிழங்கைக் குறுக்கே வெட்டினேன். வெட்டிய கையோடு சிவப்பு.  கறை என்று நான் சொன்னது, பிரம்பால் தட்டிக் காட்டியது, கூடையில் தூக்கி வைத்தது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவளிடம் நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். "பாத்துட்டுச் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

மேலதிகாரியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து பொறுமையாகப் பேசினார். "வளைவு மரம் நோய் மரம்னு எழுதினா உன் பேர் கெடும், என் பேர் கெடும், இலாகா பேரும் கெடும். மூணு பேரைக் காப்பாத்த ஒரு வார்த்தை போதும்" என்று சொல்லி, தானே ஒரு தாளில் வரைவு எழுதிக் கொடுத்தார். 'அளவு மீறிய நீர்ப்பாசனம். குத்தகைதாரரின் அறியாமை.'

அளவு மீறிப் பாய்ச்ச அவளுக்குத் தண்ணீர் எங்கே இருந்தது? அந்த வருடம் பரவைக் கண்மாயில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைத்தால் சால் பாதிதான் நிரம்பி ஏறியது. அநியாயம் செய்வதில்கூட ஒரு பொருத்தம் வேண்டாமா? நான் இதையெல்லாம் அங்கே சொன்னேனா என்று கேட்டால், இல்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் அது பையிலேயே இருந்தது. உங்களில் யாராவது வீரக்கதை கேட்க உட்கார்ந்திருந்தால் இந்த இரண்டு நாளையும் சேர்த்தே கேளுங்கள்.

என்னை அசைத்தது மனசாட்சி என்று எழுதினால் பொய். மற்றக் கன்றுகள் எங்கே போயின என்ற பயம்தான் அசைத்தது. வாங்கிப்போன எல்லோருடைய பெயரும் எனக்கு நினைவில்லை. சோணைமுத்துவைத் தேடிப் போனேன். ஒரு கல்யாண வீட்டில் மூங்கில் ஊன்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னிக்கு நீங்க சொன்னது..."

"இப்பத்தான் அண்ணனாக்கும்?" என்றார் திரும்பாமலே. மூங்கிலைக் கெட்டித்துவிட்டுத்தான் வந்தார். "எந்தக் கன்னு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். வண்டியிலயும் கூடையிலயும் ஏத்திவிட்டது நான்தான. பரவையில அந்தம்மா, சமயநல்லூர்ல ரெண்டு பேரு, மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டுக் கெணத்தடி. ஏன்யா, ஒரு வார்த்தை அன்னைக்குக் காதுல வாங்கியிருந்தா இம்புட்டு அலைச்சல் உண்டா? படிச்சவுகளுக்குக் காது எதுக்குத்தான் இருக்கோ!"

 அன்றே அவரைக் கூட்டிக்கொண்டு சமயநல்லூருக்கும் வாத்தியார் வீட்டுக்கும் போய்த் தோண்ட ஆரம்பித்தோம்.

நான் கொல்லையைப் பார்த்துவந்த மூன்றாம் நாள் காலையில் மேலதிகாரியும் நிலத்துக்காரரும் பரவைக் கொல்லைக்கு வந்தார்கள். பேச்சியம்மாள் தள்ளி நின்றாள். அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்கள் நாலைந்து பேர் வேலையை விட்டு வந்து நின்றார்கள். மேலதிகாரி அறிக்கைப் படிவத்தை நீட்டி, "நிரப்பி கையெழுத்துப் போடு, அவர் கையிலேயே ஒரு நகல் கொடுத்துடலாம்" என்றார்.

சைக்கிள் இருக்கையில் தாளை வைத்து எழுதினேன். நோயின் பெயர்: வாழை வாடல். நோய் வந்த வழி: கண்காட்சி வளைவில் கட்டிய மரத்தின் கன்று. கன்று கொடுத்தவர்: கீழே கையொப்பமிட்டிருப்பவர். எழுதியதைச் சத்தமாகவும் படித்தேன். படிக்காமல் கொடுத்திருந்தால் அது மேலதிகாரியின் பைக்குள் போயிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

மேலதிகாரி இங்கிலீஷில் என்னை ஏதோ சொன்னார். அது இங்கே வேண்டாம். நிலத்துக்காரர் குழம்பிப்போய், "அப்ப இந்தம்மா மேல தப்பில்லேங்கிறீகளா?" என்றார்.

"இல்லை. தண்ணியிலயும் தப்பில்லை, கையிலயும் தப்பில்லை. கன்னு குடுத்தது நான். வேற யாரு வச்சிருந்தாலும் இப்படித்தான் பட்டுப்போயிருக்கும்."

பேச்சியம்மாள் என் பக்கத்தில் வந்தாள். கும்பிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அந்த அளவுக்கு எனக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம்.

"இது ஒங்களுக்கு எப்பய்யா தெரியும்?"

"மூணு நாளாச்சும்மா."

"மூணு நாளாத் தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டா இருந்தீக? இந்த மூணு நாளும் நான் கொழம்புச் சட்டியக்கூட இந்தக் கையால தொடப் பயந்துக்கிட்டுக் கெடந்தேனே! இங்க கொல்லைக்காட்டுல சொல்லி என்ன ஆகப்போகுது? மந்தைக்கு வாங்க. என் கையப் பேசுன எடத்துல வந்து சொல்லுங்க."

மேலதிகாரி, "அதெல்லாம் சர்க்கார் வழக்கம் இல்லை" என்றார். சர்க்கார் வழக்கத்தில் நோயைக் கொடுப்பது உண்டு, ஒப்புக்கொள்வது கிடையாது போலிருக்கிறது. நான் அவள் பின்னால் நடந்தேன். மந்தையில் வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கொல்லையில் வெட்டிக் கையோடு கொண்டுபோன கிழங்கின் துண்டைக் காட்டி, நோய் எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது என்று சொன்னேன். ஒருவர், "இருந்தாலும் பொம்பளை கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று இழுத்தார். எனக்கு வந்த கோபத்தில், "அப்ப என் கைராசி என்னய்யா? நான் ஆம்பளைதான. என் கை பட்ட கன்னு நாலு கொல்லையில பட்டுப்போயிருக்கு, அதுக்கு என்ன சொல்லப்போறீக?" என்று கத்திவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பிறகு நடந்தது வேலை. இந்த நோய்க்கு அன்றும் மருந்து இல்லை. பட்ட மரத்தையும் பக்கத்து மரத்தையும் வேரோடு தோண்டி, அந்த இடத்திலேயே துண்டு போட்டுக் காயவைத்து, வைக்கோலும் பனையோலையும் போட்டு எரித்தோம். பச்சை வாழைத்தண்டு லேசில் எரியாது, பொறுமை வேண்டும். குழியில் சுண்ணாம்பு கொட்டினோம். அந்தக் கொல்லைத் தண்ணீர் கீழே இறங்காதபடி வரப்பை உயர்த்தினோம். மண்வெட்டியைக் கழுவி நெருப்பில் காட்டினோம். வெட்டிய மரத்தை வாய்க்காலில் தள்ளிவிடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லியும், கன்றைச் சீவிப் பார்க்கும் விதத்தைக் காட்டியும் வீடு வீடாகப் போனது சோணைமுத்து. நான் சொன்னால் யார் கேட்பார்கள்? ரஸ்தாளிக்குத்தான் இந்த நோய் சீக்கிரம் வரும், பூவன் தாங்கும். ஆகவே அடுத்த பட்டத்துக்குப் பூவன் என்று பேசி, குத்தகையை மாற்றாமல் ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்பதாக நிலத்துக்காரர் ஒத்துக்கொண்டார். இத்தனை பேர் முன்னால் கேட்ட பிறகு அவருக்கும் வேறு வழியில்லை.

என் அறிக்கை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சில மாதம் கழித்துக் கோப்பைப் பார்த்தேன். அந்தத் தாள் இல்லை. புதுத் தாள் இருந்தது. நோய் வந்த வழி: அதிக மழை. ஆடு மேய்ந்த கண்மாயைப் பற்றி ஏற்கனவே சொன்னேன், மறுபடி சொல்லி என் ரத்தத்தைக் கொதிக்கவைத்துக்கொள்ள விரும்பவில்லை. எனக்கு மாற்றல் உத்தரவும் வந்தது.

போகும் முன் ஒரு காரியம் பாக்கி இருந்தது. நோயில்லாத தோட்டமாகத் தேடி, நானும் சோணைமுத்துவும் பார்த்துப் பார்த்து எடுத்த பூவன் கன்றுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பேச்சியம்மாள் கொல்லைக்குப் போனேன். ஒவ்வொன்றையும் நானே சீவிப் பார்த்திருந்தேன். "நல்ல கன்னும்மா. நான் பாத்துட்டேன். வச்சுடலாம்" என்றேன்.

 அவள் இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்தாள். முதல் கன்றைத் தூக்கிக் கிழங்கின் ஓரத்தை ஒரு சீவு சீவினாள். வெட்டிய கையோடு உற்றுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி பார்த்தாள். முகர்ந்தாள். கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். வண்டியில் இருந்த அத்தனை கன்றையும் என் கண் முன்னாலேயே அப்படிச் சோதித்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

கடைசிக் கன்றையும் பார்த்து முடித்து அரிவாளைத் துடைத்தாள்.

"இது பொழைக்கும். எறக்கி வச்சுட்டுப் போங்க."